அடுக்களைத் தட்டில் விரித்த பேப்பர்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அடுக்களையை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டு எனக்குத்தான் எட்டும் என்பதால் ஏறி இறங்கும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளைத் தவலை, இட்லிக் கொப்பரை, யாரும் தொடாத எவர்சில்வர் டிபன் கேரியர் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தேன். அப்புறம் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவினேன். எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய இரண்டு தாள்கள். ஒன்றில் 2023 ஆகஸ்ட் 24 என்று தேதி. அடுத்தது மறுநாள் பேப்பர்.

முதல் தாள் முழுக்க நிலா. சந்திரயான்-3 இறங்கிய மறுநாள் அல்லவா, வேறு எதற்கும் இடமில்லை. இரண்டாவது தாளில் பாகூவில் கார்ல்சனிடம் செஸ் இறுதிப் போட்டியில் தோற்ற பிரக்ஞானந்தா பெரிய படமாக இருந்தார். அதற்குக் கீழே, இரண்டு விரல் அகலப் பெட்டிச் செய்தியாக, மாஸ்கோவுக்கு வடக்கே விழுந்து நொறுங்கிய ஒரு விமானம். அதில் இறந்த 10 பேரில் ஒருவர் வாக்னர் கூலிப்படையின் தலைவர் பிரிகோஜின்.

நிலாவில் இறங்கியதும் இந்த விமானம் விழுந்ததும் ஒரே நாள் சாயங்காலம் நடந்தவை என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆகஸ்ட் 23, நம் நேரப்படி மாலை 6.04க்கு சந்திரயான்-3இன் தரையிறங்கும் கலமான விக்ரம் நிலவில் கால் வைத்தது. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, ரஷ்யாவில் அந்த விமானம் கீழே வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு தாளையும் முழுசாகப் படித்து முடிக்கும்வரை அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். ஊர் பணகுடி. மகேந்திரகிரி எங்களுக்கு மேற்கே. சின்ன வயதில் மழையே இல்லாத நாளில் மலைப்பக்கமிருந்து இடி மாதிரி ஒரு சத்தம் உருண்டு வரும். ராக்கெட் எஞ்சினைக் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கிறார்கள் என்று அப்பா சொல்வார். பறக்காத ராக்கெட்டுக்கு எதற்கு இத்தனை சத்தம் என்று எனக்குத் தோன்றும். பறப்பதற்கு முன்னால் எத்தனை முறை எரித்துப் பார்க்கிறார்களோ அத்தனைக்கு நல்லது என்பது புரிய ரொம்ப வருடமானது.

வழக்கமாக ஆறு மணிக்கு ஏற்றுகிற விளக்கை அம்மா அன்று கால் மணி நேரம் முன்னாலேயே ஏற்றிவிட்டாள். சரியாக அந்த நேரத்தில்தான் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விக்ரம் இறங்கத் தொடங்கியது. டி.வி.யில் ஒரு பச்சைக் கோடு வளைந்து வளைந்து கீழே வந்தது. மணிக்குச் சுமார் 6,000 கிலோமீட்டர் வேகத்தை இருபது நிமிடத்துக்குள் ஒன்றுமில்லாமல் ஆக்கவேண்டும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். நான் கும்பிடவில்லை. ஆனால் கோடு விலகுகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சென்னையில் தனியாக உட்கார்ந்து சந்திரயான்-2இன் கோடு விலகியதைப் பார்த்தவன் நான்.

அம்மாவின் கும்பிடு எனக்குப் பழகியது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்தது வேறு. ஜூலை 14 ஏவுதலுக்கு முந்தைய நாள், விஞ்ஞானிகள் சிலர் சந்திரயான்-3இன் சின்ன மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போனார்கள். படம் எல்லோர் போனிலும் வந்தது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அத்தான் அதைப் போட்டுக் கைகூப்பும் பொம்மைகளாக அடுக்கினார். நான் சும்மா இருக்கவில்லை. நியூட்டன் விதிக்குப் பெருமாள் சிபாரிசு எதற்கு என்கிற மாதிரி ஏதோ எழுதிவைத்தேன். மூன்று நாள் சண்டை. சித்தி குழுவை விட்டே வெளியேறினாள்.

எனக்கு இது அப்பாவிடமிருந்து வந்த புத்தி. அவர் கருப்புச்சட்டைக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவில் எழுதியிருப்பதைக் கல்யாண வீட்டில்கூட எடுத்துச் சொல்வார். சாமி கும்பிடுகிற அம்மாவோடு அதே வீட்டில் 41 வருடம் குடித்தனம் நடத்தினார் என்பது தனிக் கதை. கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பார், உள்ளே வரமாட்டார்.

என் நக்கலைத் தணித்தது ஒரு சின்ன விஷயம். ஏவுதலுக்குச் சில நாள் முன்னால் இஸ்ரோ தலைவர் சோமநாத் பேசியது. சந்திரயான்-2 ஏன் விழுந்தது என்று அவர் விவரித்திருந்தார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உந்தின. அந்தக் கொஞ்சம் கொஞ்சமான பிழை சேர்ந்துகொண்டே வந்தது. திருத்துவதற்குக் கலம் வேகமாகத் திரும்பவேண்டியிருந்தது. இவ்வளவுக்கு மேல் வேகமாகத் திரும்பாதே என்று மென்பொருள் கட்டுப்படுத்தியது. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அந்தக் கட்டத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று கலம் தரை நெருங்கிய பிறகும் வேகத்தைக் கூட்டியது. கெட்டிக்காரப் பிள்ளை பரீட்சையில் ஒரு கேள்வியை விடக்கூடாது என்று நேரத்தை விட்டுவிடுவது போல.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குள் தங்கியது. சந்திரயான்-2ஐ வெற்றியை அடிப்படையாக வைத்து வடிவமைத்தோம், 3ஐத் தோல்வியை அடிப்படையாக வைத்து வடிவமைத்தோம் என்றார். எது எது பழுதாகும் என்று முதலில் பட்டியல் போடு. உணர்கருவி பழுதானால், எஞ்சின் அணைந்தால், கணக்கே தப்பானால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் வழி வை. இறங்கும் இடத்தை நாலு கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களை உறுதியாக்கினார்கள். எரிபொருள் கூடியது, நடு எஞ்சின் போயே போனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை அரைத்த மண்ணை நிலவின் மண்ணுக்குப் பதிலாகப் பரப்பி ஒத்திகை பார்த்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன் என்று நாம் பெருமைப்படுகிறோம். படவேண்டியதுதான். அவரும் அவருடைய ஆட்களும் நான்கு வருடம் உட்கார்ந்து யோசித்தது, இது எப்படியெல்லாம் உருப்படாமல் போகும் என்பதைத்தான்.

அதைப் படித்த பிறகு திருமலைப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். எல்லாவற்றையும் செய்து முடித்தும் கை நடுங்குகிறது. எங்கேயோ ஒரு வால்வு, ஒரு வரி நிரல் தப்பிவிடலாம் என்று தெரிந்தவன்தான் போய்க் கும்பிடுகிறான். தோற்கவே மாட்டோம் என்று நினைக்கிறவனுக்கு நேர்ச்சை எதற்கு? அம்மா ஏற்றிய விளக்கும் அந்தத் தோல்விப் பட்டியலும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் என்று எனக்குப் பட்டது. அரசுப் பணியின் பெயரால் மாதிரியைக் கோயிலுக்குத் தூக்கிப் போவது இன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை. தனி ஆளாகப் போய்வரட்டும். ஆனால் போனவர்களைப் பார்த்துச் சிரிக்க இப்போது வாய் வருவதில்லை. சித்திக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவள் குழுவில் சேரவில்லை, இல்லாமல் இருப்பதே நிம்மதியாக இருக்கிறதாம்.

விக்ரம் இறங்குவதற்கு நாலு நாள் முன்னால் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி உடைந்ததை அந்த முதல் தாளின் ஓரத்தில் நினைவுபடுத்தியிருந்தார்கள். 1976க்குப் பிறகு ரஷ்யா அனுப்பிய முதல் நிலவுக் கலம் அது. நமக்கு இரண்டு நாள் முந்தி இறங்குவதாக இருந்தது. சுற்றுப்பாதையை மாற்ற எஞ்சின் 84 விநாடி எரியவேண்டும். 127 விநாடி எரிந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை அதற்குக் கொடுப்பதாக இருந்த கேமராவை உக்ரைன் போர் தொடங்கியதும் திரும்ப எடுத்துக்கொண்டது. கேமரா இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லவரவில்லை, எஞ்சின் அணையாததற்கு அது என்ன செய்யும்.

நமக்கும் ரஷ்யாவுக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. சந்திரயான்-2இல் தரையிறங்கும் கலத்தை அவர்கள் செய்து தருவதாகத்தான் முதலில் ஒப்பந்தம். 2011இல் அவர்களுடைய செவ்வாய்ப் பயணம் ஒன்று பூமியைத் தாண்டமுடியாமல் போனது, அதன் பிறகு கை விரித்தார்கள். அதற்கும் முன்னால், கடுங்குளிரில் வைத்த எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் நுட்பத்தைத் தருவதாக 1991இல் ஒப்புக்கொண்டு, ஏவுகணைக்குப் பயன்படும் என்று அமெரிக்கா மிரட்டியதால் 1993இல் பின்வாங்கினார்கள். எஞ்சினை மட்டும் தந்தார்கள், செய்யும் வித்தையைத் தரவில்லை. அமெரிக்கா பயந்தது முழுக்கப் பொய்யும் அல்ல. கிரையோஜெனிக் எஞ்சினை ஏவுகணையில் வைப்பது கிறுக்குத்தனம் என்றாலும், 1980இல் ரோகிணி செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் கட்டம்தான் 1989இல் அக்னி ஏவுகணையின் அடியில் இருந்தது. 1963இல் தும்பாவில், மீனவர்கள் விட்டுக்கொடுத்த மேரி மகதலேனாள் தேவாலயத்தை அலுவலகமாக்கி விட்ட முதல் ராக்கெட்டின் கீழ்ப்பாதி, அமெரிக்க ராணுவம் விமானங்களைச் சுடச் செய்த நைக் ஏவுகணையின் பாகம். நிலாவுக்குப் போகிற பாதையில் எங்கே தோண்டினாலும் ஒரு வெடிகுண்டின் ஓடு தட்டுப்படும்.

ரஷ்யாவுக்கு நிலாவைக் காட்டிய செர்கேய் கொரல்யோவ் பிறந்தது இன்றைய உக்ரைனின் ஷிட்டோமிரில். ஸ்டாலின் காலத்தில் சைபீரியச் சுரங்கத்தில் கிடந்து பற்கள் பலவற்றை இழந்தவர். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையாக அவர் செய்த ஆர்-7தான் ஸ்புட்னிக்கை ஏற்றியது. சோவியத்தின் பெரிய ராக்கெட் தொழிற்சாலை ஒன்று உக்ரைனின் நிப்ரோவில் இருக்கிறது. 2024 நவம்பரில் ரஷ்யா தன் புதிய ஏவுகணையை முதன்முதலாகப் போரில் செலுத்தியது அந்தத் தொழிற்சாலையைக் குறிவைத்துத்தான்.

போரைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது, பேப்பரில் படித்ததைத் தவிர? எதிர்வீட்டுப் பையன் இருக்கிறான். ஹார்கீவில் மருத்துவம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். 2022 பிப்ரவரி 24 காலையில் அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதை மறக்கமுடியாது. நிலவறையில் ஒரு வாரம் இருந்தார்கள். சாப்பாடு வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தது மார்ச் 1. மறுநாள், எல்லோரும் உடனே நகரைவிட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது பிசோசின் போய்ச்சேருங்கள் என்று நம் தூதரகம் அறிவித்தது. சுமார் 11 கிலோமீட்டர். பனியில் நடந்தான். பையில் என்ன எடுத்துக்கொண்டாய் என்று வந்த பிறகு கேட்டேன். சான்றிதழ்கள், சார்ஜர், அவன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு மீதி என்றான். முறுக்கு ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் சொன்னதில் ஒன்று. போர் வருவதற்கு முந்தைய நாள்வரை கல்லூரியில் எல்லோரும் வராது என்றுதான் சொன்னார்களாம். வந்ததும், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றார்களாம். அனுப்பியவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கீவுக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்கு மேல் வரிசைகட்டி நின்ற ராணுவ வண்டிகள் எண்ணெயில்லாமல், சாப்பாடில்லாமல் தேங்கின. ஒரு மாதம் தாண்டிப் பின்வாங்கின. உலகத்திலேயே வெற்றியை மட்டும் அடிப்படையாக வைத்து வடிவமைக்கிற ஒரே காரியம் போர்தான் போலிருக்கிறது. எஞ்சின் அணைந்தால் என்ன என்று கேட்கிற ஆளை அந்த அறையிலிருந்து முதலிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். நமக்குத் தெரியாதா? 1987இல் அமைதி காக்கப் போன இந்தியப் படை யாழ்ப்பாணத்தைச் சில நாளில் கட்டுக்குள் கொண்டுவந்துவிடும் என்றுதான் இங்கே பேசினார்கள். 1990 மார்ச்சில்தான் கப்பல் ஏறித் திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் செத்த சனங்களுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது.

பைக்கனூர் ஏவுதளத்தில் ராக்கெட் புறப்படுமுன் ரஷ்யப் பாதிரியார்கள் வந்து புனித நீர் தெளிப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது நம் இஸ்ரோக்காரர்கள் ஏவுதலுக்கு முன் சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குப் போய்வருவது மாதிரிதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே சபையின் தலைவர் கிரில் 2022 செப்டம்பரில், படைக்கு ஆள் திரட்ட உத்தரவு வந்த நான்காம் நாள், கடமையில் உயிர்விடுகிறவனின் பாவமெல்லாம் கழுவப்படும் என்று பிரசங்கம் செய்தார். தண்ணீர் ஒன்றுதான். தவறிவிடுமோ என்று பயந்து தெளிப்பது ஒன்று, தவறவே தவறாது என்று சத்தியம் செய்து தெளிப்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டு வண்டி ஏறியவர்களில் எத்தனை பேர் என் எதிர்வீட்டுப் பையனின் வயதோ.

அந்தக் கூலிப்படைத் தலைவர் பிரிகோஜினுக்கு வருகிறேன். உணவு விடுதி நடத்தி, அரசு விருந்துகளுக்குச் சமைத்துப்போட்டுப் பணக்காரர் ஆனவர். சிறைக் கைதிகளை விடுதலை தருவதாகச் சொல்லிப் போர்முனைக்கு இழுத்துப்போனவர். இந்தப் போருக்குச் சொன்ன காரணங்களெல்லாம் பொய் என்று வெளிப்படையாகப் பேசிவிட்டு மாஸ்கோவை நோக்கிப் படையை நடத்தினார். அது ஜூன் 23. விமானம் விழுந்தது ஆகஸ்ட் 23. எங்களுக்குத் தொடர்பில்லை என்றது கிரெம்ளின். தோல்வியைப் பற்றிப் பேசியவர் என்பதற்காக அவரைத் தியாகி ஆக்கும் எண்ணம் எனக்கில்லை. உக்ரைனின் பக்முத் நகரத்தை அவர் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைப் படங்களில் பார்த்தாயிற்று.

இஸ்ரோவை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டாடிவிட்டேனோ என்று இங்கே ஒரு உறுத்தல். 2019இல் அவர்களும் உடனே வாய் திறக்கவில்லை. விக்ரம் விழுந்து இரண்டு வாரத்தில் திட்டம் 98 விழுக்காடு வெற்றி என்றார் அன்றைய தலைவர் சிவன். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமில்லை. விழுந்த இடத்தில் சிதறிக்கிடந்த துண்டை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்தது சென்னையில் வேலைபார்த்த சண்முக சுப்பிரமணியன் என்ற மதுரைக்காரப் பொறியாளர், தன் வீட்டுக் கணினியில். பிரதமர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்பது வேறு விஷயம். 1979இல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் தானே போய் உட்கார்ந்த அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் காலமும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் நான்கு வருடம் கழித்தாவது, எஞ்சின் கூடுதலாக உந்தியது, மென்பொருள் தடுத்தது என்று தலைவரே வாய்விட்டுச் சொன்னார். 1962இல் சீனாவிடம் ஏன் தோற்றோம் என்று விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963இலேயே கையில் வந்துவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் அரசுக் கணக்கில் அது இன்னும் ரகசியம்.

அப்புறம் பெயர் வைத்தார்கள். ஆகஸ்ட் 26 அன்று பெங்களூருவில் பிரதமர் விக்ரம் இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்றும், 2019இல் மோதிய இடத்துக்குத் திரங்கா என்றும் அறிவித்தார். 2008இல் சந்திரயான்-1இன் கருவி நேரு பிறந்தநாளில் போய் மோதிய இடம் ஜவகர் ஆனபோது காங்கிரஸ்காரர்கள் மகிழ்ந்தார்கள், இப்போது மற்றவர்கள். குழுவில் அத்தான் மீண்டும் கைகூப்பினார். நான் இந்த முறை ஒன்றும் எழுதவில்லை. திருமலைப் படத்தைவிட இதுதான் எனக்கு நெருடுகிறது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. தோற்றுவிடுமோ என்று பயந்தவர்கள் சத்தமில்லாமல் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஜெயித்த பிறகு வந்தவர்கள் நிலத்துக்குப் பட்டா போட்டார்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் இல்லை. அவளுக்கு விக்ரமும் அதிலிருந்து இறங்கி ஓடிய குட்டி வண்டி பிரக்யானும் இரண்டு பிள்ளைகள். நிலாவில் பகல் முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டையும் தூங்கவைத்தார்கள். 14 நாள் ராத்திரி, மைனஸ் 200 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர். 22ஆம் தேதி எழுப்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டது, "ஏய்யா, அது ரெண்டும் முழிச்சிட்டா?" என்றுதான். இல்லை அம்மா என்றேன். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பேப்பரைப் படித்துவிட்டுக் கசக்கப் போனேன். "படம் உள்ளதக் கிழிக்காதய்யா" என்று நிலாத்தாளை மட்டும் வாங்கி, ஈரத்துணியால் எண்ணெயைத் துடைத்தாள். இன்னொன்றைக் காட்டி இது யாரு என்றாள். பெரிய படத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நம்ம சென்னைப் பையன், செஸ் ஆடுவான் என்றேன். அதில்லை, கீழே என்றாள். ரஷ்யாவில் ஒரு கூலிப்படைத் தலைவன், விமானம் விழுந்து செத்துப்போனான் என்றேன். "பாவம், அவனுக்கும் ஒரு தாய் இருப்பால்லா" என்றாள். அன்று வந்த புதுப் பேப்பரை மடித்துத் தட்டின் அளவுக்குக் கிழித்து என்னிடம் நீட்டினாள். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விரித்து, தவலையைத் தூக்கி மேலே வைத்தேன்.